ஆடிக் காற்றுக்கும் மார்கழிப் பனிக்கும் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. மதுரையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, கைக்கு வருவது 68,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 27,000. நான்கு வயதில் ஒரு மகள். இரண்டு வருடமாக ராமேஸ்வரத்தில் கைட்சர்ஃபிங் (கைட் என்னும் பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) கற்று, இப்போது தனியாக ஓட்டுகிறேன். சீசனில் பத்து நாள் போனால் உபகரண வாடகை மட்டும் நாளுக்கு 4,000. சொந்தமாக வாங்க 2,40,000 ஆகும். சீசன் முடிந்துவிட்டதால் இப்போது விலை குறைத்துத் தருவதாகவும், தீபாவளிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் கடைக்காரர் சொல்கிறார். 14 சதவீத வட்டியில் பர்சனல் லோன் தயாராக இருக்கிறது. போன குளிர்காலத்தில் உத்தரகண்டில் கேதார்காந்தா ஏறினேன், 45,000 செலவானது. இனி ஒவ்வொரு மார்கழியும் ஒரு பனிமலை ஏற ஆசை. லோன் தவணைக்காக மகள் பெயரில் மாதம் போடும் 8,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் சேமிப்பு) நிறுத்தி வைக்கலாமா, மூன்று வருடம்தானே? மனைவி, 'காசைக் கடலில் கரைக்கிறீர்கள்' என்று வருத்தப்படுகிறார். கையிருப்பு 90,000. ஏப்ரலில் போனஸ் 60,000 வரும். மாதச் செலவுப் பட்டியலையும் காப்பீட்டு விவரத்தையும் இணைத்திருக்கிறேன். பனிமலைக்கு இருவராகப் போனால் 80,000 ஆகும், மனைவி இதுவரை பனியை நேரில் பார்த்ததில்லை.

பதில்: முதலில் கடைக்காரருக்கு 'இந்த வருஷம் வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். எஸ்.ஐ.பி.யைத் தொடாதீர்கள். கடலையும் மலையையும் விடவும் வேண்டாம். வாரம் ஐந்து நாள் திரைமுன் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு உடம்பையும் மனதையும் ஒருசேரக் கேட்கும் பொழுதுபோக்கு அமைவது பெரிய விஷயம். அதை நீங்கள் நாற்பது, ஐம்பது வயது வரை நிம்மதியாகச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் கீழே இத்தனை கணக்கு.

உங்கள் பொழுதுபோக்குகள் இரண்டுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு: எப்போது செலவு வரும் என்பது முன்கூட்டியே தெரியும். வைகாசியில் தென்மேற்குக் காற்று பிடித்தால் ஆவணி வரை வீசும். கேதார்காந்தா பாதையில் பனி மார்கழி, தை, மாசியில் நிற்கும். பஞ்சாங்கம் போல முன்னரே தெரிந்த செலவுக்கு எதற்குக் கடன்? காற்றில்லாத மாதங்களில் சேர்த்து, காற்றுள்ள மாதங்களில் செலவழியுங்கள். மீனவர் வீட்டில் மீன்பிடித் தடைக்காலத்துக்கென்று ஒதுக்கி வைப்பார்களே, அதே முறைதான், திசை மட்டும் மாற்றம்.

இப்போது உங்கள் கணக்கு. இருவர் சம்பளமும் சேர்ந்து 95,000. நீங்கள் இணைத்த பட்டியலின்படி வீட்டுக் கடன் 24,000, வீட்டுச் செலவு 34,000, பள்ளிக்கு 6,000, ஊரில் பெற்றோருக்கு 6,000, இன்ஷூரன்ஸ் 3,000, நகைச் சீட்டு 5,000, எஸ்.ஐ.பி. 8,000. மொத்தம் 86,000. மிச்சம் 9,000.

2,40,000 ரூபாயை 14 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,200. வட்டியாக மட்டும் 55,000 ரூபாய்க்கு மேல் கட்டுவீர்கள். தவணை போக மீதி 800 ரூபாய். கடலுக்குப் போக டீசல் போடவே காணாது என்பதால்தான் எஸ்.ஐ.பி.யின் மேல் கண் வைக்கிறீர்கள். 'மூன்று வருடம்தானே' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வருடத்தில் போகவேண்டிய 2,88,000 ரூபாய், வருடம் 10 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொண்டால், மகளுக்கு 18 வயதாகும்போது ஏறக்குறைய 10 லட்சமாக நிற்கும். சந்தை அப்படியே கொடுக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் தொடக்க வருடங்களில் போடும் பணம்தான் நீண்ட காலம் வளரும், அதையே நீங்கள் நிறுத்தப் பார்க்கிறீர்கள். இரண்டு கைட்டுக்கும் ஒரு பலகைக்கும் அது மிக அதிக விலை.

இனி, வாங்குவதா வாடகையா? நாளுக்கு 4,000 என்றால் 2,40,000 ரூபாய் அறுபது நாள் வாடகை. வருடம் பத்து நாள் ஓட்டுகிறவருக்கு ஆறு சீசன். ஆறு சீசன் அந்தக் கைட் உழைக்குமா என்பதுதான் கேள்வி. போன ஆடியில் ஒரு நண்பரைப் பார்க்க ராமேஸ்வரம் போயிருந்தபோது, கரையில் ஒரு பையன் கைட்டை மடிப்பதற்கு முன் செய்ததை நின்று பார்த்தேன். நான்கு கயிறுகளையும் மணலில் நீட்டிப் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு விரலிடுக்கில் ஓடவிட்டு நடந்தான். ஓரிடத்தில் நின்று பிசிறைக் காட்டினான், மயிரிழை அளவுதான். 'இது காற்றில் அறுந்தா அவ்வளவுதாண்ணே' என்றான். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி, காற்றடைக்கும் குழாய் ஓரமெல்லாம் உப்பையும் மணலையும் கழுவி, நிழலில் காயப் போட்டான். வெயிலிலும் உப்பிலும் அந்தத் துணி நலியும். முறுமுறுப்புப் போன துணியை மறுவிலைக்குக் கொடுத்தால் போட்டதில் பாதி வருவதே கஷ்டம். வாடகைக்கு எடுத்தால் இந்தத் தேய்மானமெல்லாம் உரிமையாளர் தலையில்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் இப்போதுதான் தனியாக ஓட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் வசதியாக இருக்கும் பெரிய பலகை இரண்டு வருடத்தில் உங்களுக்கே மந்தமாகத் தோன்றும். காற்று வலுத்தால் 9 சதுர மீட்டர், தணிந்தால் 12 என்று கைட்டும் மாறும். வாடகைக் கடையில் அன்றைய காற்றுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இந்த வருடம் உடம்போடு ஒட்டுகிற சாமான் மட்டும் சொந்தமாக இருக்கட்டும்: இடுப்பில் கட்டும் ஹார்னெஸ், ஹெல்மெட், மிதவை ஜாக்கெட். இவை அளவு சரியாக இருந்தால்தான் பாதுகாப்பு, விலையும் கைக்கு அடங்கும். பழைய கைட் யாராவது மலிவாகத் தந்தாலும், அவசரத்தில் இழுத்து விடுவிக்கும் அமைப்பையும் கயிற்றையும் உங்கள் பயிற்சியாளர் கையால் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒரு விஷயம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது: இன்ஷூரன்ஸ்.

சில வருடங்களுக்கு முன் என் வாடிக்கையாளர் ஒருவர் ஊன்றுகோலோடு அலுவலகத்துக்கு வந்தார். அலைச்சறுக்கில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. பாலிசிப் புத்தகத்தை மேசையில் வைத்துத் திறந்தார். பென்சிலால் அடிக்கோடிட்ட ஒரு வரி: சாகச விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு இல்லை. அது தனிநபர் விபத்துக் காப்பீடு. பிரீமியம் தவறாமல் கட்டியவர். அந்த வரியை அவர் முதன்முதலில் படித்தது மருத்துவமனைக் கட்டிலில். பாலிசி எடுக்கும்போது நானாவது அதைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அது என் தவறு. அன்றிலிருந்து யார் வந்தாலும் விலக்குகள் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறேன்.

உங்களுக்கு நிறுவனம் தரும் 5 லட்சம் குழு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குகளில் சாகச விளையாட்டும் ஒன்று. ஆனால் அதன் வாசகம் கவனிக்க வேண்டியது: 'தொழில்முறையாக' ஈடுபட்டு ஏற்படும் சிகிச்சைச் செலவுக்குத்தான் விலக்கு. பொழுதுபோக்காக ஓட்டும் உங்களுக்கு இது சாதகம். நாளைக்குக் கையில் திறமை வந்து, வார இறுதியில் காசு வாங்கிக்கொண்டு நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தால் நிலைமை மாறிவிடும். குழு பாலிசியில் வாசகம் வேறாகவும் இருக்கலாம். எச்.ஆரிடம் பாலிசிப் பிரதியை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி அந்தப் பத்தியைப் படியுங்கள். வேலை மாறினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும் என்பதால், குடும்பத்துக்கென்று தனியாக ஒரு பாலிசி எடுப்பதும் இந்த வருட வேலை.

டெர்ம் பாலிசி (இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) 50 லட்சத்துக்கு இருக்கிறது, கைட் கற்பதற்கு முன் எடுத்தது. வீட்டுக் கடனும் சின்னக் குழந்தையும் உள்ள வீட்டுக்கு அது போதாது. புதிதாக எடுக்கும்போது ப்ரொபோசல் ஃபார்மில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்று கேட்பார்கள். ஏஜென்ட் 'இல்லைன்னு போட்டுடுங்க சார், பிரீமியம் ஏறும்' என்பார். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். கைட்சர்ஃபிங், உயர்மலை நடை இரண்டையும் எழுதுங்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி பாலிசி தொடங்கி மூன்று வருடம் வரை, முக்கியமான உண்மையை மறைத்ததாகச் சொல்லி நிறுவனம் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்கலாம். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டுவது உங்கள் மனைவி பிற்பாடு அலையாமல் இருப்பதற்காக. பழைய டெர்ம் பாலிசியின் விதிகளையும் ஒருமுறை வாசித்து, சந்தேகமிருந்தால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைக்கு வேறு கணக்கு. கேதார்காந்தா உச்சி 12,500 அடி. அடிவார ஊரான சங்க்ரியிலிருந்து டேராடூன் வர மலைப்பாதையில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். மேலே ஒருவருக்கு மூச்சு முட்டினாலோ பனியில் கால் பிசகினாலோ, மருத்துவமனைச் செலவுக்கு முன் கீழே இறக்கும் செலவு நிற்கிறது. சாதாரண மருத்துவ பாலிசியில் அதை எதிர்பார்க்க முடியாது. நடைக்கென்று எடுக்கும் குறுகிய கால பாலிசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை அடி உயரம் வரை செல்லும், மீட்புச் செலவு உண்டா, பனிநடை சேருமா. மூன்றுக்கும் பாலிசித் தாளில் பதில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

இப்போது பணம் எப்படி. மிச்சமுள்ள 9,000 ரூபாயில் 4,000 அவசர நிதிக்கு. உங்கள் வீடு ஒரு மாதம் ஓட, சேமிப்பை நிறுத்தினாலும் 73,000 வேண்டும். இருப்பதோ 90,000. ஒரு காலில் கட்டுப் போட்டு இரண்டு மாதம் கிடந்தால், விடுமுறைச் சம்பளம் தீர்ந்த பிறகு என்ன செய்வீர்கள்? கடலில் இறங்குகிறவருக்கு இந்தக் கையிருப்பு மற்றவர்களை விடக் கூடுதலாகவே வேண்டும். குறைந்தது நான்கு மாதச் செலவு, அதாவது 2,92,000. போனஸில் 40,000 ரூபாயையும் இதில் போடுங்கள். இரண்டு வருடத்தில் 2,66,000 வந்துவிடும், பாக்கி சில மாதங்களில் தீரும்.

மீதி 5,000 கடலுக்கும் மலைக்கும். இதற்கென்று இருவர் பெயரிலும் தனிச் சேமிப்புக் கணக்கு திறந்து, சம்பளத்துக்கு மறுநாளே பணம் தானாக அங்கே போகும்படி செய்யுங்கள். அந்தக் கணக்கை கூகுள் பே, போன் பே எதிலும் இணைக்க வேண்டாம். அக்டோபரில் தொடங்கினால் மே மாதத்துக்குள் 40,000. போனஸில் 20,000 சேர்த்தால் 60,000. அந்தச் சீசனில் பத்து நாளை எட்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வாடகை 32,000, போக்குவரத்தும் தங்குமிடமும் 13,000, ஆக 45,000. கையில் 15,000 நிற்கும். ஹார்னெஸ், ஹெல்மெட் வாங்குவதானால் நகைச் சீட்டு முதிரும்போது அதிலிருந்து கொஞ்சம் எடுங்கள் என்பேன், அதுவும் மனைவி சம்மதித்தால் மட்டும்.

இந்த மார்கழி உத்தரகண்ட் வேண்டாம். கால் சும்மா இருக்காது என்றால் தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு, அனுமதியுள்ள பாதையில் போகலாம். பனி கிடையாது, ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மார்கழிக் காலைக் குளிர் குறைந்ததல்ல. காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் தை முடிவதற்குள் போய்வாருங்கள். அனுமதியில்லாத பாதையில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நடந்ததை மதுரைக்காரரான உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

அடுத்த வருட மார்கழியில் அந்தக் கணக்கில் 50,000 இருக்கும். நீங்கள் ஒருவர் போய்வரப் போதும், தடுக்கமாட்டேன். ஆனால் கடிதத்தின் கடைசியில், மனைவி இதுவரை பனியை நேரில் பார்த்ததில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அவர் வருத்தத்தில் காசு பாதி என்றால், எல்லாப் பயணத்திலும் தான் வீட்டிலேயே இருந்ததும் பாதி இருக்கும். அந்த ஒரு மார்கழியைப் பொறுத்துக்கொண்டால், இடையில் இன்னொரு காற்றுச் சீசனையும் முடித்தபின், அதற்கடுத்த மார்கழியில் கணக்கில் 85,000 நிற்கும். இருவருக்கு 80,000 என்று நீங்களே மதிப்பிட்டிருக்கிறீர்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது, தாத்தா பாட்டியிடம் ஒரு வாரம் இருந்துகொள்வாள். இருவருக்கும் அரையாண்டு விடுமுறையில் போய்வரத் தோதான தேதியை அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், பள்ளி நாட்காட்டி அவர் கையில்தானே இருக்கிறது.