வீட்டில் தமிழ், வகுப்பில் வேறு மொழி: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகள் எல்.கே.ஜி. போகிறாள். 'வீட்டிலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க' என்கிறார் அவளுடைய மிஸ். நானும் கணவரும் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். தெரிந்த அளவுக்குப் பேசலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலம் 'கம்', 'சிட்', 'ஈட்' என்று ஏவல்களோடு நின்றுவிடும். தமிழில் என்றால், 'நேத்து தோசை நல்லா எழும்புச்சு, இன்னிக்கு ஏன் கல்லுல ஒட்டுது?' என்று கேட்பீர்கள். நேற்று, இன்று, ஒப்பீடு, காரணம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்துவிடுகின்றன. தமிழில் 'ஏன்னா' போட்டு விளக்கத் தெரிந்த குழந்தைக்கு 'பிகாஸ்' என்ற சொல் மட்டும்தான் புதிது.

பள்ளியின் அவசரத்துக்கும் ஓர் அளவு வேண்டும். கனடாவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் சொன்ன கணக்கு இது: சக பிள்ளைகளோடு சரளமாகப் பேச ஏறக்குறைய 2 ஆண்டு, பாடப்புத்தக மொழி வசப்பட 5 முதல் 7 ஆண்டு. அதுவும் தெருவெல்லாம் ஆங்கிலம் காதில் விழும் நாட்டில். ஈரோட்டில், எல்.கே.ஜி.யிலேயே தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

மிஸ்ஸிடம் அடுத்த வாரப் பாடம் என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்கறி என்றால், ஞாயிற்றுக்கிழமை சந்தையில் எது மண்ணுக்குள் விளையும், எது கொடியில் காய்க்கும் என்று தமிழிலேயே பேசிவிடுங்கள். திங்களன்று வகுப்பில் பாதி அவளுக்குத் தெரிந்ததாக இருக்கும். கூடவே, பக்கத்துக்கு ஒரே வரி உள்ள ஆங்கிலப் படக்கதை ஒன்று, தினம் 10 முதல் 15 நிமிடம். முதல் நாள் படத்தைப் பார்த்துத் தமிழில் கதை பேசுங்கள். மறுநாளிலிருந்து வரிகளை வாசியுங்கள். நான்காம் நாள் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துங்கள், பெரும்பாலும் அவளே முடிப்பாள். வாரம் முழுக்க ஒரே புத்தகம்தான். தினம் ஒன்றாக மாற்றினால் எதுவும் ஒட்டாது.

'ஐ ஸ்கூல் கோயிங்' என்பாள். வினையைக் கடைசியில் வைப்பது தமிழ்ப் பழக்கம், தானே சரியாகும். 'ஓ, யூ ஆர் கோயிங் டு ஸ்கூல்!' என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். 'சரியாச் சொல்லு' என்று மறித்து மறித்துத் திருத்தினால் வாயே திறக்க மாட்டாள்.

கேள்வி: பெங்களூருக்கு மாற்றலாகி வந்தோம். 4 வயது மகன் வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறான். கன்னடம் பேசும் பிளே ஸ்கூலில் இரண்டு மாதமாக ஒரு வார்த்தைகூட இல்லை.
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: புது மொழிக்குள் விடப்பட்ட குழந்தைகள் பலர் சில வாரம், சில மாதம் இப்படி மௌனமாக இருப்பார்கள். காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். டீச்சர் 'பா இல்லி' (இங்கே வா) என்றால் எழுந்து போகிறானா, மற்றவர்களைப் பார்த்துத்தான் எழுகிறானா என்று விசாரியுங்கள். தானாகப் போனால் கவலை இல்லை.

விளையாட்டில் சேர்த்துக்கொள்ள வைக்கும் இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும்: 'பா, ஆடோணா' (வா, விளையாடலாம்), 'நங்கூ பேகு' (எனக்கும் வேணும்). எழுத்துப் பயிற்சியைவிட, மாலையில் கன்னடம் பேசும் ஒரே ஒரு பிள்ளையோடு பந்து விளையாடுவது மேல். உறவினர் முன்னால் 'எங்கே, கன்னடத்துல சொல்லு' என்று மட்டும் கேட்காதீர்கள்.

அதே பள்ளியில் தமிழ் பேசும் பிள்ளைகளிடமும் வாய் திறக்கவில்லை என்றாலோ, வீட்டுப் பேச்சும் குறைந்தாலோ, சிக்கல் கன்னடம் அல்ல. பேச்சு சிகிச்சையாளரையோ குழந்தை மனநல மருத்துவரையோ பாருங்கள்.

கேள்வி: நான் தமிழ், கணவர் தெலுங்கு. 2 வயது மகன் இரண்டையும் கலக்கிறான், சொற்களும் குறைவு. ஒரு மொழியை நிறுத்திவிடச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, திருத்தணி

பதில்: நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. கலப்பதும் குழப்பமல்ல, கைக்கு எட்டிய சொல்லை எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள்: 'பூனை' ஒன்று, 'பில்லி' ஒன்று. மழலையாக இருந்தாலும் ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே ஒலி என்றால் அதுவும் கணக்கில் சேரும். 2 வயதில் மொத்தம் 50 சொல்லாவது வந்து, இரண்டு சொல்லை இணைக்கவும் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். பலர் இதை விட்டுவிட்டு மொழியைக் குறை சொல்கிறார்கள்.

கேள்வி: ஆங்கில கார்ட்டூன் போட்டுவிட்டால் குழந்தை தானாகக் கற்றுக்கொள்ளாதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கைக்குழந்தை என்றால், இல்லை. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் மாண்டரின் (சீன மொழி) பேசுபவர்கள் நேரில் விளையாடினார்கள். மொத்தம் 12 அமர்வு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 நிமிடம். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதையே வீடியோவில் பார்த்தவர்களுக்கு எதுவும் ஏறவில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குப் போடுவதானால் பக்கத்தில் உட்கார்ந்து, நடுநடுவே நிறுத்தி, 'இப்ப முயல் எங்க போகும்?' என்று கேளுங்கள். பதில் தமிழில் வந்தாலும் சரி.