600 டாலர் வேட்டை ரைஃபிளுக்கும் 2,000 டாலர் ரைஃபிளுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களைப் பொறுத்தவரை, குறிபார்த்துச் சுடுவதில் வித்தியாசம் குறைவுதான். 2012-இல் வந்த ரூகர் அமெரிக்கன் மலிவு ரகம். ஆனாலும் அதன் குழல் சுத்தியலடி முறையில், அதாவது எஃகை அச்சுக் கம்பியைச் சுற்றி அடித்து, உருவாக்கியது. பொருத்தமான தோட்டா கிடைத்தால் 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குல வட்டத்துக்குள் சுடும். மானுக்கு அதுவே தாராளம்.

பிறகு காசு எங்கே மிச்சமாகிறது? முதலில் ஸ்டாக்கில், அதாவது குழலைத் தாங்கும், தோளில் வைத்துப் பிடிக்கும் உடற்பகுதியில். மலிவு ரகத்தில் அது அச்சில் வார்த்த பிளாஸ்டிக். முன்பகுதியைக் குழலோடு சேர்த்து விரல்களால் அழுத்திப் பாருங்கள். பலவற்றில் வளைந்து குழலைத் தொட்டுவிடும். பைபாடில் (முன்பகுதியைத் தாங்கும் இரண்டு கால் தாங்கி) சாய்த்துச் சுடும்போதும் அப்படித் தொட்டால் குண்டு விழும் இடம் மாறும். அப்புறம் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ள கையால் முன்னும் பின்னும் இழுக்கும் பாகம். விலை கூடியதில் வழுக்கிக்கொண்டு போகும். மலிவானதில் லேசாக உரசும், ஆடும். வால்நட் மரம், கைவேலைச் செதுக்கல் எல்லாம் கண்ணுக்கு அழகு, குறிக்குச் சம்பந்தமில்லை.

என்னைக் கேட்டால் விலையில் நடுவிலுள்ள டிக்கா டி3எக்ஸ் ரைஃபிள்தான் சரியான பேரம். விலை உயர்ந்த சாக்கோ ரைஃபிள்கள் தயாராகும் அதே பின்லாந்து ரீஹிமாக்கி ஆலையில்தான் இதுவும் தயாராகிறது. போல்ட்டின் வழவழப்பு இந்த விலைக்கு ஆச்சரியம். ஆனால் தோட்டாக்களை அடுக்கி ரைஃபிளில் செருகும் தோட்டாப்பெட்டியும், விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையமும் பிளாஸ்டிக்.

பட்ஜெட் இறுக்கம் என்றால் மலிவான ரைஃபிளையே வாங்கி, மிச்சத்தை நல்ல ஸ்கோப்பிலும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பயிற்சித் தோட்டாவிலும் போடுங்கள்.