கரையிலிருந்து கப்பல் ஓட்ட என்ன தெரிய வேண்டும்? கேள்வி பதில்

நான் கிருஷ்ணகிரிக்காரன், சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்த்தவன். தன்னியக்கக் கப்பல்களைக் கரையிலிருந்து இயக்கும் வேலை பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, எனக்குக் கணினி நன்றாக வரும். கடலுக்கே போகாமல் இந்த வேலைக்கு வர முடியுமா? (பிளஸ் டூ மாணவர், பாலக்கோடு)

இப்போதைக்கு அந்த எண்ணம் வேண்டாம், தம்பி. குறுக்கே ஒரு கப்பல் வருகிறது என்று வைத்துக்கொள். அது தெரியும் திசைகோணத்தைக் குறித்துக்கொண்டு, சற்று நேரம் கழித்து மறுபடியும் பார்க்கிறாய். கோணம் மாறவில்லை, தூரம் மட்டும் குறைகிறது என்றால் மோதல் ஆபத்து இருக்கிறது. அந்தக் கப்பல் உன் வலப்பக்கம் இருந்தால் வழிவிட வேண்டியவன் நீதான். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் இது இருக்கிறது. கணினியும் இதைக் கணக்கிட்டுவிடும். ஆனால் ரேடாரில் சரியாகப் பிடிபடாத சிறு மரப்படகு இருட்டில் வந்தால்? கப்பலில் நிற்பவருக்கு இன்ஜினின் மாற்றம் காலடி அதிர்விலேயே தெரிந்துவிடும். கரையில் இருப்பவருக்குத் திரையில் ஓர் எண் மட்டும்தான் மாறும். அந்த எண்ணைச் சந்தேகப்படக் கடலில் நின்ற பழக்கம் வேண்டும்.

இதற்கென்று தனிச் சான்றிதழ் உண்டா? (பென்னாகரம்)

உலகம் முழுவதும் செல்லுபடியாகும் தனிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. அப்படி ஒன்றைத் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

ஐயா, ஓசூரில் ஆலை இயந்திரங்களின் தானியங்கிக் கட்டுப்பாட்டைப் பராமரிக்கிறேன். எனக்கு இடம் உண்டா?

நிச்சயம் உண்டு. மின், மின்னணுப் பொறியியல் படித்தவர்கள் குறுகிய காலப் பயிற்சி முடித்துக் கப்பலில் மின் தொழில்நுட்ப அதிகாரியாகலாம். சென்சார் பொய் சொல்வதைக் கண்டுபிடிக்கும் உங்கள் பழக்கம் அங்கே பெரிய சொத்து. கரையோடு தொடர்பு அறுந்தால் கப்பல் தானாக என்ன செய்ய வேண்டும், வேகத்தைக் குறைப்பதா, நின்றுவிடுவதா என்பதை முன்கூட்டியே வகுத்துவைக்க வேண்டும். இணைய ஊடுருவலைத் தடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் மிகக் கடினமானது எது? (ஊத்தங்கரை)

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. மணிக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். திடீரென்று ஒரு நிமிடத்தில் நிலைமையைப் புரிந்துகொண்டு கட்டுப்பாட்டைக் கையில் எடுக்க வேண்டும். அதனால்தான் சிமுலேட்டர் என்னும் மாதிரிப் பயிற்சிக் கருவியில் திரும்பத் திரும்பக் கோளாறுகளை உண்டாக்கிப் பழக்குகிறார்கள். நார்வேயின் யாரா பிர்க்லாண்ட், ஆளில்லாமல் தானே ஓடும்படி திட்டமிட்டுக் கட்டிய, 80 மீட்டர் நீளமுள்ள மின்கலக் கப்பல். 2022இல் சரக்குப் போக்குவரத்தைத் தொடங்கியபோது அதிலும் மாலுமிகள் இருந்தார்கள். அவசரப்படாமல் போனது சரியென்றே நினைக்கிறேன்.

என் மகள் கப்பல் படிப்புக்கு ஆசைப்படுகிறாள். ஏஜெண்ட் ஒருவர் பணம் கேட்கிறார். (ஒரு தாய், காவேரிப்பட்டினம்)

தாராளமாகப் படிக்க வையுங்கள் அம்மா, பெண்கள் கேப்டனாகவே இருக்கிறார்கள். முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். நிறக்குருடு இருந்தால் கப்பலை நடத்தும் அதிகாரியாக முடியாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். பிறகு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டப்படி தவறு. ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாலுமிகளை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக இணையதளத்தில் இருக்கிறது.