'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி: பழைய புல்வெட்டும் ட்ரக்டர் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

கேள்வி: கொழும்பு கறுவாத்தோட்டத்தில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தைப் பராமரிக்கிறேன். அங்கே உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டும் ட்ரக்டர் ஒன்று இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. சில நாட்களில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். புதுப் பற்றரி போட்டும் இதே கதைதான். ஸ்டார்ட்டர் மோட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, சில நாட்களில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான். எரிந்துபோன மோட்டர் நாள் பார்த்து வேலை செய்யாது. பிரஷ் (மோட்டருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்த மோட்டர் சில வேளை இப்படி ஆட்டம் காட்டும், ஆனால் அதைச் சந்தேகிப்பது கடைசியில்தான். விட்டு விட்டு வருகிற கோளாறு என்றால் என் சந்தேகம் முதலில் போவது கேபிள் முனைகள், எர்த் (பற்றரியின் மைனஸை எஞ்சின் உடம்போடு சேர்க்கும் இணைப்பு), சொலனொயிட் (திறப்பைத் திருப்பியதும் மோட்டருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்) ஆகியவற்றின் மேல்தான்.

புதுப் பற்றரி போட்டும் சரிவராததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டர் சுற்றத் தொடங்கும் நேரத்தில் 100 அம்பியருக்கு மேலும் இழுக்கும். கேபிள் முனையில் 0.02 ஓம் தடை இருந்தாலே, 100 அம்பியரில் 2 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். ஆனால் சும்மா நிற்கும்போது மீற்றரை வைத்தால் 12.6 வோல்ட் அழகாகக் காட்டும். எல்லாம் சரி என்று நினைத்து அடுத்த சாமானை வாங்கப் போகிறோம். அதனால் திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீற்றர் போதும்.

முதலில் பாதுகாப்பு. கியரை நியூட்ரலில் போடுங்கள், பிளேடை நிறுத்துங்கள், பிரேக்கை மிதித்துப் பூட்டுங்கள். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, எஞ்சின் உடம்பில் படும்படி கட்டிவிடுங்கள். பக்கத்தில் பெற்றோல் கான் இருக்கக் கூடாது. திறப்பைத் திருப்ப ஓர் ஆள் சீட்டில் இருக்கட்டும்.

மீற்றரின் இரண்டு முனைகளையும் பற்றரியின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வைக்க வேண்டாம். உதவியாளரைத் திருப்பச் சொல்லுங்கள். 'டிக்' சத்தம் வரும்போது எண் 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியில் சார்ஜ் இல்லை, அல்லது அது செத்துவிட்டது. கடையில் நெடுநாள் கிடந்த 'புதுப்' பற்றரியும் இப்படிச் செய்யும். முழுதாகச் சார்ஜ் பண்ணிய பிறகும் விழுந்தால், மோட்டரோ எஞ்சினோ இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். எண் 12.4 அளவிலேயே அசையாமல் நின்றால் மோட்டருக்கு மின்சாரமே போகவில்லை, வழியில் எங்கோ தடை இருக்கிறது. உங்கள் ட்ரக்டரில் இதுதான் வரும் என்று நினைக்கிறேன்.

இனித் தடை எங்கே என்று தேட வேண்டும். ஒரு முனை பற்றரியின் மைனஸ் கம்பத்தில், மற்றது எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில். திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அடுத்து, சொலனொயிட்டின் இரண்டு பெரிய நட்டுகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். திருப்பாதபோது 12 வோல்ட் காட்டுவது இயல்பு. திருப்பியதும் பூச்சியத்துக்கு அருகில் இறங்க வேண்டும். 'டிக்' கேட்ட பிறகும் 12 வோல்ட்டே நின்றால் உள்ளே தொடுமுனை கருகிவிட்டது, சொலனொயிட்டை மாற்றத்தான் வேண்டும். கடைசியாக, பற்றரியின் பிளஸ் கம்பத்திலிருந்து சொலனொயிட்டின் முதல் பெரிய நட்டு வரை, பிறகு இரண்டாவது நட்டிலிருந்து மோட்டர் வரை. இங்கேயும் ஒவ்வொரு துண்டிலும் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

கொழும்பில் கேபிளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கடல் காற்றும் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்னும், அதுவும் வெளியே தெரியாமல். முனையை எவ்வளவு தேய்த்துத் துடைத்தாலும் நோய் உறைக்குள்ளே இருக்கும். லக் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) அருகில் கேபிளை வளைத்துப் பாருங்கள். மொறமொறவென்று விறைப்பாக இருந்தாலோ, கொஞ்சம் உப்பியிருந்தாலோ உறையை ஓர் அங்குலம் கீறித் திறங்கள். செம்பு பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சைத் தூளோ கறுப்போ தெரிந்தால் முழுக் கேபிளையும் மாற்றுங்கள், முனையை மட்டும் வெட்டிக் கட்டுவது சில மாதங்களுக்கே வரும். 16 சதுர மில்லிமீற்றர் செம்புக் கேபிள் இந்த எஞ்சினுக்குத் தாராளம். எர்த் போல்ட் அமரும் இடத்தில் பெயின்டையும் கறளையும் உலோகம் மின்னும் வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

சொலனொயிட் வாங்க, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். சின்ன முனை ஒன்றா இரண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒன்று மட்டும் உள்ளது தன் உடம்பு வழியாகவே எர்த் எடுக்கும், பொருத்தும் இடம் சுத்தமாக இல்லாவிட்டால் புதுசும் வேலை செய்யாது.

'டிக்' சத்தமே வராத நாள் இருந்தால் அது வேறு கதை. பியூஸ், திறப்பு சுவிட்ச், பிரேக் பெடல் சுவிட்ச், பிளேட் சுவிட்ச் என்று பார்த்துக்கொண்டு போங்கள். கோளாறான பாதுகாப்பு சுவிட்சை நிரந்தரமாக நேர் வயர் கொடுத்து விடாதீர்கள். காலடியில் பிளேடு சுற்றும் வண்டி இது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் மோட்டரை வீணாக மாற்றுவது இதனால்தான். எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி, முட்டியதுபோல் நின்றுவிடுகிறதா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருப்புங்கள். அப்போது ஜோராகச் சுற்றினால், முன்னே சொன்ன அளவுகளும் சரியாக இருந்தால், வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணும்போது அமுக்கத்தைக் கொஞ்சம் விடுவிக்கும் ஏற்பாடு இந்த எஞ்சின்களில் உண்டு. வால்வு இடைவெளி கூடினால் அது வேலை செய்யாது, முழு அமுக்கத்தையும் மோட்டரால் தாண்ட முடியாது. எத்தனை மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பதை உங்கள் எஞ்சின் மொடலின் கையேட்டில் பாருங்கள்.

எல்லாம் சரிசெய்து ஸ்டார்ட் ஆனதும் எஞ்சினை வேகமாக ஓடவிட்டு, பற்றரியில் மறுபடி அளந்து பாருங்கள். 13.5க்கும் 14.7க்கும் இடையே இருந்தால் நல்லது. 12.6க்கு மேல் ஏறவே இல்லையென்றால் பற்றரிக்குச் சார்ஜ் போகவில்லை, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் அதன் வயர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.