ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு வாக்குரிமை வந்துவிட்டது, ஆனால் எந்தத் தேர்தல் எதற்கு என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசலாம் என்று யோசிக்கிறோம். அரசியலமைப்பை முதலிலிருந்து வாசித்துப் போகலாமா? கட்சிச் சண்டையில் முடியும் என்று மாமி பயப்படுகிறார்.

பதில்: வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு குழுவை நான் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாம் கூட்டத்துக்கு நானும் வீட்டுக்காரரும் அவர் போட்ட தேத்தண்ணியும்தான் மிச்சம்.

உங்கள் தொடர்மாடிக்கு முன்னால் மழைக்கு நிரம்பி வழியும் கான் ஒன்று இருக்கும்தானே? அதிலிருந்து தொடங்குங்கள். "இது யாருடைய வேலை?" என்ற ஒரு கேள்விக்கே முதல் கூட்டம் போதாது. பலர் பாராளுமன்ற உறுப்பினரைத் திட்டுவார்கள். ஒழுங்கைக் கானும் குப்பையும் மாநகர சபையின் பொறுப்பு. பிரதான வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையாக இருக்கலாம். தொடர்மாடி வளவுக்குள் என்றால் அதைக் கட்டிய அரச நிறுவனத்தையும் விசாரிக்க வேண்டும். இடையில் மாகாண சபையும் உண்டு. 2014இல் தெரிவான மேல் மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்துபோனது. இதையெல்லாம் ஒரு பெரிய தாளில் பிள்ளைகளே வரையட்டும்.

இரண்டாம் கூட்டத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் அப்பால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "கான் ஏன் துப்புரவாக இல்லை?" என்று எழுதினால் சமாதானம்தான் பதிலாக வரும். "கடந்த இரண்டு வருடங்களில் இந்த ஒழுங்கைக் கானுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எந்தெந்தத் திகதிகளில் துப்புரவு செய்தீர்கள்?" என்று ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் இடத்திலும், தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அன்றைக்குத் திறந்து வாசியுங்கள்; அப்போது யாரும் கொட்டாவி விடமாட்டார்கள். கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சி வாங்க மறக்க வேண்டாம்.

பதில் வரும்வரை விவாதிக்க விஷயம் நிறைய உண்டு. 2025 மே தேர்தலில் கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பிறகு மேயரை உறுப்பினர்கள் இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்தார்கள். நமது வாக்கு இரகசியமாக இருப்பது சரி. நாம் அனுப்பிய உறுப்பினரின் வாக்கும் நமக்கு இரகசியமாக இருக்கலாமா? மிரட்டலுக்கும் பண ஆசைக்கும் பயந்து ஆம் என்பவர்கள் உண்டு. கணக்குக் கேட்க வழியில்லை என்று இல்லை என்பவர்களும் உண்டு. ஒரே கட்சிக்காரர்களே இதில் இரண்டாகப் பிரிவதை நீங்கள் பார்ப்பீர்கள். என் பார்வையில் மீதொட்டமுல்ல அதைவிடக் கனமான விஷயம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கொழும்பு மாநகரக் குப்பை அங்கே குவிந்தது, ஆனால் மேட்டின் அடியில் கொலன்னாவைப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் கொழும்பு மாநகர சபைக்கு வாக்களிக்கிறவர்கள் இல்லை. அவர்கள் யாரிடம் போய்க் கேட்டிருக்க முடியும்? இதற்கு என்னிடம் சுருக்கமான விடை இல்லை.

மாமியின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி எல்லாம் பார்த்த தலைமுறை. வீட்டு வரவேற்பறையில் பத்துப்பேர் கூடிப் பேசத் தனி அனுமதி தேவையில்லை என்று சொல்லுங்கள். அப்புறம், எதைச் செய்கிறீர்கள் என்பதை ஒளிக்காதீர்கள். கட்சிக்காரர் வரலாம், குடியிருப்பாளராக வரட்டும், துண்டுப் பிரசுரம் வாசலிலேயே நிற்கட்டும். தலைமை மாதாமாதம் மாறட்டும். ஒருவர் இரண்டாம் தரம் பேசுவதற்கு முன் எல்லோரும் ஒரு தரம் பேசியிருக்க வேண்டும். எங்கள் குழு பிறகு பிழைத்தது இந்த ஒரு விதியால்தான்.

இன்னொன்று, தமிழர்கள் மட்டும் கூடினால் போதும் என்று நினைக்காதீர்கள். மொழிபெயர்க்கப் பிள்ளைகளில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு கீழ்மாடிச் சிங்களக் குடும்பத்தையும் கூப்பிடுங்கள். கான் வழிந்தால் தண்ணீர் முதலில் ஏறுவது அவர்கள் வீட்டுக்குள்தானே.