பென்னோ வோல்ஃப்: ஆய்வாளரா, பட்டியலாளரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

குகைகள் பற்றிய தங்கள் கட்டுரையில் பென்னோ வோல்ஃப் என்ற ஜெர்மானிய நீதிபதியை ‘முக்கியமான குகை ஆய்வாளர்’ என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் முப்பது ஆண்டுகள் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தேடிப் பார்த்ததில் அவர் கண்டுபிடித்த பெரிய குகை எதுவும் என் கண்ணில் படவில்லை. பட்டியல்களும் பதிவேடுகளும்தான் தென்பட்டன. பட்டியல் தயாரித்தவரை ஆய்வாளர் என்பது சற்று மிகையல்லவா?

ச.

அன்புள்ள ச.,

புலப்படங்களோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்த தாங்களே இதைக் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரு வயலை அளந்தாலும் அளக்காவிட்டாலும் அது இருக்கும் இடம் ஊருக்குத் தெரியும். குகையோ, உள்ளே போய் வந்தவர் சொல்லும் சொல்லிலன்றி வேறெங்கும் இல்லை. இருட்டில் தவழ்ந்தவருக்குப் பத்து மீட்டர் ஐம்பதாகத் தோன்றும். ஒருவர் நாடாவின் நுனியோடு ஊர்ந்து போய் விளக்கைக் காட்ட, பின்னாலிருப்பவர் அந்த வெளிச்சப் புள்ளியைப் பார்த்துத் திசைகாட்டியையும் சாய்வுமானியையும் வாசிக்க, மூன்றாமவர் சேறு அப்பிய விரல்களால் எண்களையும் சுவரின் வளைவுகளையும் தாளில் குறித்துக்கொள்ள, திருப்பத்துக்குத் திருப்பம் இப்படியே நகர்ந்தால்தான் ஒரு வரைபடம் உருவாகும். பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டு இருந்தால் போதும், முள் விலகிவிடும். (நான் இதையெல்லாம் நாற்காலியில் அமர்ந்து படித்தவன், இடுக்கான இடங்கள் எனக்கு ஆகாது.)

வோல்ஃப் 1871-இல் டிரெஸ்டனில் பிறந்து, பெர்லினில் நீதிபதியாக இருந்தவர். அன்றைய ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் பணியாற்றி, இயற்கைச் சின்னங்களைக் காப்பதற்கான சட்டங்களை 1920-இல் நூலாகத் தொகுத்தார். அவருடைய குகைப் பணியை இந்தச் சட்டப் பணியிலிருந்து பிரித்துப் பார்த்தால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், உள்ளே என்ன வாழ்கிறது என்று எழுதப்படாத ஒன்றைக் காக்கும்படி எந்த நீதிமன்றமும் ஆணையிட முடியாது. 1922-இல் ஜெர்மானியக் குகை ஆய்வாளர்களின் தலைமைச் சங்கம் உருவாகப் பாடுபட்டதும், அதன் இதழை நடத்தியதும், நாடு நாடாகக் குகைத் தகவல்களைத் திரட்டியதும் அந்த நோக்கத்தில்தான். 1934 முதல் 1938 வரை வெளிவந்த அவருடைய குகை உயிரினப் பட்டியலும் அதே உழைப்பின் விளைவுதான்.

குடும்பம் யூத வழியில் வந்தது என்பதால், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-க்குப் பின் அவர் பொறுப்புகளிலிருந்து விலக்கப்பட்டார். 1942 ஜூலையில் தெரேசியன்ஸ்டாட் என்னும் நாஜி வதைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1943 ஜனவரியில், 71 வயதில், அங்கேயே இறந்தார். அவர் சேகரித்த ஆவணங்களை நாஜிகளின் எஸ்.எஸ். படையின் ஆய்வு அமைப்பான ‘ஆனெனெர்பே’ கைப்பற்றியது. போர்க்காலத்தில் குகை என்பது குண்டு துளைக்காத கூரை. எது எங்கே, எவ்வளவு பெரியது என்ற விவரம் படைக்கு வேண்டியிருந்தது. ஜெர்மனியின் தென் ஹார்ட்ஸ் மலைப் பகுதியில், 1920 முதல் மக்கள் பார்த்து வந்த ஹைம்கேலே என்னும் ஜிப்சம் குகையில் 1944-இல் கைதிகளைக் கொண்டு உள்ளிருந்த குளங்களை நிரப்பி, கான்கிரீட் தளம் போட்டு, விமானப் பாகங்கள் செய்தார்கள்.

ஆனெனெர்பே அமைப்பின் குகைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் பிராண்ட் என்ற நிலவியலாளரையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஜெர்மனியின் பொட்டன்ஸ்டைன் ஊரில் ‘பிசாசுக் குகை’யின் பெரிய கூடங்களுக்கு 1920-களில் வழி திறந்தவர் அவர்; இன்றும் சுற்றுலாப் பயணிகள் அங்கே போகிறார்கள். அதே ஊரில் 1942-இல் அவர் அமைத்த முகாமின் கைதிகள் அந்தக் குகையிலும் வேலை வாங்கப்பட்டார்கள். தங்கள் அளவுகோலின்படி, பெரிய குகையைத் திறந்த பிராண்ட்தான் ஆய்வாளர், வோல்ஃப் வெறும் எழுத்தர். ஆனால் அந்த ஆய்வாளரின் அமைப்புக்கு இந்த எழுத்தரின் பதிவேடுகள் தேவைப்பட்டன. ஆகவே கட்டுரையில் எழுதிய சொல்லை நான் மாற்றப்போவதில்லை.