லீஸில் கையெழுத்து வைப்பதற்கு முன்

தம்பி, லண்டன் ஈஸ்ட் ஹாமில் மேலே குடியிருப்புகள் உள்ள ஒரு கடையைப் பார்த்திருக்கிறீர்கள். லீஸ் எடுத்தால் மது விற்கும் லைசென்ஸ் எத்தனை நாளில் கிடைக்கும், கடன் எங்கே எடுப்பது, பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். கடனையும் பள்ளிக்கூடத்தையும் அங்கேயுள்ள நம்மவர்கள் யாரும் சொல்லித் தருவார்கள். லைசென்ஸைப் பற்றி நான் சொல்கிறேன். அதில் கைக்காசை இழந்து படித்தவன் நான்.

கையெழுத்து வைத்துவிடாதீர்கள். வாடகை அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும், லைசென்ஸ் அப்படி வராது. கவுன்சில் என்கிற உள்ளூராட்சி சபைக்கு விண்ணப்பம் போட்டதும் வெளிர்நீலத் தாளில் அறிவித்தல் எழுதிக் கடை வாசலில் 28 நாள் ஒட்டிவைக்க வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் போட வேண்டும். அந்த நாட்களுக்குள் பொலிஸாரோ குடியிருப்பவர்களோ எதிர்த்து எழுதினால், கவுன்சிலர்கள் இருந்து விசாரிப்பார்கள். அங்கே குற்றச்செயல், பொதுமக்கள் பாதுகாப்பு, தொல்லை, பிள்ளைகளின் நலன் என்ற நான்கைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டுக் காசு சேர்த்தீர்கள் என்பதை யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தத் தெருவைப் பற்றிக் கவுன்சில் என்ன எழுதி வைத்திருக்கிறது என்றும் பாருங்கள். சில பகுதிகளில் மது விற்கும் இடங்கள் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று அறிவித்து வைத்திருப்பார்கள். 2018 முதல் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. அப்படியான பகுதியில் ஒருவர் எதிர்த்தாலும், உங்கள் கடையால் தொல்லை அதிகரிக்காது என்று நீங்கள்தான் காட்ட வேண்டி வரும். பிளானிங் அனுமதி, அதாவது கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி, இருக்கிறது என்று கடையை விற்பவர் சொன்னால் அதில் மயங்காதீர்கள். அது வேறு, மது லைசென்ஸ் வேறு. இரண்டிலும் பூட்டும் நேரம் வேறுவேறாக இருந்தால், முந்திய நேரத்துக்கே பூட்ட வேண்டும். உங்கள் விசாவையும் பாருங்கள். வேலை செய்யும் உரிமை இல்லாதவருக்கு 2017 ஏப்ரலில் இருந்து லைசென்ஸ் கிடையாது.

நான் 2006இல் தென் லண்டனில் கடை எடுத்தேன். ஆறு வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த காசு, அதோடு சீட்டுக் காசு. புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் நீதவான்கள் கொடுத்த லைசென்ஸை அப்போது கவுன்சில் கொடுத்தது. நள்ளிரவு வரை விற்கக் கேட்டேன். பதினொரு கடிதங்கள் வந்தன. மேல்மாடியில் இருந்த கானா நாட்டுத் தாதி ஒருவர் விசாரணைக்கே வந்துவிட்டார். காலை ஐந்து மணிக்கு எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். முன்பிருந்த கடைக்காரரின் காலத்தில் வாசல் மதிலில் இருந்து குடித்தவர்களின் சத்தத்தில் எத்தனை இரவுகள் நித்திரை இல்லாமல் போயின என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருந்தார். அவர் வாசிக்க வாசிக்க என்னிடம் பதில் இருக்கவில்லை. இரவு ஒன்பது மணியோடு விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள், ஒற்றைக் கேனில் பியர் விற்கக்கூடாது என்றார்கள். 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்திருக்கலாம், கையில் காசில்லை.

இப்படி ஒன்று நடந்தால் நம்மவர்கள் உடனே “வெள்ளைக்காரருக்கு எங்கள் முன்னேற்றம் பிடிக்கவில்லை” என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வரும். எனக்கு எதிராக எழுதியவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல வந்தவர்கள். இன்னும் சிலர் மாதக்காசு கொடுத்து வேறொருவரின் பெயரை லைசென்ஸில் மது விற்பனைக்குப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டு, கல்லாவில் சட்டம் தெரியாத பொடியனை நிறுத்துகிறார்கள். அவன் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு போத்தலை விற்றுவிட்டால் பிடிபடுவது அவன்தான். கடையின் லைசென்ஸ் மறுபரிசீலனைக்கு வந்திருப்பதை மறைத்துச் சொந்தக்காரருக்கே விற்றவரையும் நான் அறிவேன்.

நான் என்ன செய்தேன் என்றால், மதிலின் மேல் யாரையும் இருக்கவிடவில்லை. கமராவை வாசலைப் பார்க்கத் திருப்பினேன். இரவில் ஷட்டரைக் கையால் மெல்ல இறக்கினேன். மூன்றாம் வருடம் பதினொரு மணி வரை கேட்டு விண்ணப்பிப்பதற்கு முன், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சொன்னேன். ஒரு கடிதம்கூட வரவில்லை. அந்தத் தாதி கொப்பியை எடுத்துக் காட்டினார். கடைசித் திகதி நான் வருவதற்கு முந்திய மாதத்தோடு நின்றிருந்தது.

இந்த வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அந்தக் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மேலே எத்தனை ஜன்னல்களில் வெளிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்த நாள் அந்தக் கதவுகளைத் தட்டுங்கள்.